கோட்டுக்கு அப்பால் இருபத்திரண்டு சனிக்கிழமைகள்

மிதவையூரில் இருந்த மூன்று வருடங்களில் நானும் என் மனைவி சாலோமியும் பகல் வெளிச்சத்தில் ஒன்றாக உட்கார்ந்திருந்த நாட்கள் இருபத்திரண்டு. இருபத்திரண்டும் சனிக்கிழமைகள். கரைக்கு வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் சந்தோஷம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தச் சனிக்கிழமைகள்தாம் நினைவுக்கு வருகின்றன. சாலோமி இப்போதும் அடுத்த அறையில்தான் இருக்கிறாள். அவளிடம் அவற்றைப் பற்றி நான் பேசுவதில்லை.

மிதவையூர் என்பது பசிபிக் கடலில் மிதந்துகொண்டிருந்த ஓர் ஊர். முந்நூறு பேர் இருந்தோம். காற்றில் கூடிப்போன கரியமில வாயுவை உறிஞ்சுகிற ஒருவகைக் கடற்பாசியை மைல் கணக்கில் கயிறுகளில் வளர்த்து, முற்றியதும் கட்டுக் கட்டாக ஆழத்தில் அமிழ்த்துவதுதான் எங்கள் வேலை. ஊரை நகர்த்த எஞ்சின் கிடையாது. அடியில் பெரிய பெரிய பாய்களைத் தண்ணீருக்குள் இறக்கியிருந்தார்கள். அவை நீரோட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். பாசிக்கு ஏற்ற குளிர்ந்த நீர் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் ஓடும் ஓட்டத்தைத் தேர்ந்து பாயைத் திருப்புவார்கள். வீடு, சமையல், சண்டை, ஜெபம் எல்லாவற்றோடும் ஊர் மெல்ல நகர்ந்துபோகும். நகர்வது யாருக்கும் தெரியாது.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் முப்பத்தைந்து பேர் இருந்தோம். பெரும்பாலும் நாசரேத், சாயர்புரம் பக்கத்து ஆட்கள். சாலோமியைத் தவிர எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள். அவள் ஏழாம் நாளை ஆசரிக்கிற குடும்பத்தில் பிறந்தவள். வெள்ளிக்கிழமை சூரியன் விழுந்ததும் அவளுடைய ஓய்வுநாள் தொடங்கும். சனிக்கிழமை சூரியன் விழும்வரை அடுப்புப் பற்றவைக்க மாட்டாள், எந்த வேலையும் செய்ய மாட்டாள். இறால், நண்டு தொட மாட்டாள். "கடல்ல குடியிருந்துக்கிட்டு இறால் திங்காத ஒரே ஆத்மா நம்ம மைனிதான்" என்று, அவளை அண்ணி முறை வைத்து மைனி என்றே கூப்பிடுகிற, என் படகில் வேலை செய்த தவசிமுத்து கேலி செய்வான். "என் பங்கும் ஒனக்குத்தான வருது, சந்தோஷப்படுவியா" என்பாள் அவள்.

நான் ஒரு கயிற்றுப் படகுக்குத் தலைவன். எனக்குக் கீழே ஐந்து பேர். திங்கட்கிழமை விடிந்ததும் பாசிக் கயிறுகளைப் பார்க்கக் கிளம்பினால் சனிக்கிழமை இருட்டிய பிறகுதான் ஊருக்குத் திரும்புவோம். ஞாயிறு எங்களுக்கு ஓய்வு. சாலோமி பாசி நாற்றங்காலில் வேலை பார்த்தாள். அவளுக்குச் சனி ஓய்வு. ஞாயிறு விடியுமுன் எழுந்து போய்விடுவாள். நான் கோயிலுக்குப் போய்வந்து வெறும் அறையில் உட்கார்ந்திருப்பேன். அவள் வந்ததும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவோம். விடிந்தால் எனக்குப் படகு.

மிதவையூரை நடத்திய நிறுவனம் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு வழிபாட்டு நாளைக் கொடுத்தது. வழிபாடு தவிர வேறு எந்தக் காரணத்துக்காகவும் அந்த நாளை மாற்ற முடியாது. மனசாட்சிப்படி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். படகென்றால் ஆறு பேரும் ஒரே நாளை எழுத வேண்டும்.

ஒருமுறை அவளிடமே கேட்டேன். "நானும் ஒங்க சபையில சேந்துட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு, வேற வேலைக்கு மாத்திக்கிடட்டுமா?"

அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"நம்பித்தான் வாறியளா?"

நான் குனிந்து செருப்பு வாரை இழுத்துவிட்டேன்.

"அப்ப வேண்டாம். எனக்காக ஒருத்தர் ஆண்டவர் முன்னால வேஷம் போடப்படாது. அதையும் சேத்து என்னால சுமக்க முடியாது."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மூன்றாவது வருடம் நீரோட்டம் எங்களைக் கிழக்கே வெகுதூரம் கொண்டுபோனது. கடலின் நடுவே நாள் மாறுகிற கோட்டை ஊர் தாண்டப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. படகில் அதே பேச்சாக இருந்தது.

"தாண்டினா என்ன ஆகும் அண்ணே?" என்றான் தவசிமுத்து.

"கெழக்க போய்த் தாண்டினா அதே கெழமை இன்னொரு தடவை வரும். நாம சனிக்கெழமை தாண்டுதோம். மறுநாளும் சனிக்கெழமைதான்."

"அன்னைக்கு எனக்குப் பொறந்தநாளு. அப்ப ரெண்டு நாளும் பொறந்தநாளா?"

"நீ ஒரு தடவை பொறந்ததே போதும்லே" என்றார் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த பாக்கியமுத்து.

"திரும்பி வரும்போது?"

"மேற்க தாண்டும்போது ஒரு நாளைத் திருப்பிக் குடுத்துருவோம். இடையில ஒரு கெழமையே வராது. உலகத்தைச் சுத்தி எண்ணிக்கிட்டு வந்தா கணக்கு எங்கயாவது ஒரு எடத்துல மாறித்தான ஆகணும். ஆள் இல்லாத கடலாப் பாத்துக் கோட்டைப் போட்டுட்டான்."

"இப்பதான் நாம இருக்கமே" என்றான் தவசிமுத்து.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கையில் கயிறு ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அது எனக்கு உறைத்தது. இரண்டாவதாக வரும் சனிக்கிழமை, விடாமல் எண்ணிக்கொண்டு வருகிற ஒருவனுக்கு ஞாயிற்றுக்கிழமை. அதற்குப் பிறகு திரும்பி வருகிறவரை, நாட்காட்டியில் சனி என்று போட்டிருக்கிற ஒவ்வொரு நாளும் பழைய கணக்கில் ஞாயிறு. நான் ஞாயிற்றுக்கிழமைக்காரனாகவே இருந்துகொண்டு சனிக்கிழமை ஓய்வெடுக்கலாம். சபை மாற வேண்டாம். அவள் முன்னால் வேஷம் போட்டதாகவும் ஆகாது.

அவள் எந்த நாளை எடுப்பாள் என்பது மட்டும் தெரிய வேண்டும். அந்த வாரம் ஊருக்குத் திரும்பியதும் கேட்டேன்.

"கரையில இருக்கிற எங்க போதகர்ட்ட கேட்டிருந்தேன்" என்றாள். "கோட்டைத் தாண்டினா அந்தப் பக்கத்துச் சனிக்கெழமையையே எடுத்துக்கிடச் சொல்லியிருக்காவ."

"ஒனக்கு அது சரிதானா?"

"பெரியவங்க யோசிச்சுத்தான சொல்லியிருப்பாங்க."

எனக்கு அது போதும்.

எங்களுக்கு ஐயர் என்று ஒரு குருவானவர் கிடையாது. துரைப்பழம் அண்ணாச்சிதான் மூப்பராக இருந்து ஆராதனை நடத்தினார். கோட்டைத் தாண்டுவதற்கு முந்தின ஞாயிறு, சாப்பாட்டு ஹாலில் ஆராதனை முடிந்ததும் அவர் எழுந்து, இனிமேல் ஊர் நாட்காட்டியில் ஞாயிறு என்று இருக்கிற நாளே நமக்கு ஞாயிறு, வேறு யோசனை யாருக்காவது உண்டா என்று கேட்டார். சும்மா கேட்டதுதான். நான் எழுந்து நின்றேன்.

பேசத் தெரிந்தவன் அல்ல நான். ஆனால் அன்றைக்குப் பேச்சு வந்தது. அது என்னுடைய பேச்சும் அல்ல. சாலோமி ஏழாம் நாளைப் பற்றி என்னிடம் எத்தனையோ தடவை சொன்னதை எடுத்து ஞாயிற்றுக்கிழமைக்குப் பொருத்திக்கொண்டேன்.

"நாள்ங்கிறது சூரியன் எழும்புறதும் விழுறதும். அதை உண்டாக்கினது மனுசன் இல்ல. நம்ம பாட்டன் பூட்டன், அவங்களுக்கும் முந்தினவங்க, ஒண்ணுகூட விடாம எண்ணி நம்ம கையில குடுத்திருக்காங்க. சங்கிலி மாதிரி. ஆண்டவர் எழும்பிக் கல்லறை தொறந்த ஞாயித்துக்கெழமையில இருந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு கண்ணிகூட அறுந்ததில்ல. எவனோ ஒருத்தன் படத்துல கோடு போட்டான்கிறதுக்காக நாம ஒரு சூரியனை எண்ணாம விட்டுருவமா? நம்ம கண்ணு பாத்த நாளை இல்லேன்னு சொல்லுவமா?"

உட்காரத் திரும்பினேன். ஹாலின் கடைசியில் கதவோரம், நாற்றங்கால் உடுப்போடு சாலோமி நிற்பதை அப்போதுதான் பார்த்தேன். அரைமணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். கண்ணெடுக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைப் பெருமை என்று நினைத்தேன்.

"பொண்டாட்டி படிச்ச பள்ளிக்கூடத்துல இவனும் படிச்சிட்டு வந்திருக்கான்" என்றார் அண்ணாச்சி. சிலர் சிரித்தார்கள். தவசிமுத்து சிரிக்கவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது.

பிறகு அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார். கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார்.

"நத்தானி, நீ சொன்னதை மெய்யாவே நம்புதியா?"

"நம்புதேன் அண்ணாச்சி."

"சாலோமிகூட ஒரு நாள் உக்காரணும்னு ஆசைன்னா அதைச் சொல்லிரு. தப்பில்ல. நான் போய் அதிகாரிட்ட கெஞ்சிப் பாக்கேன். நடக்குமோ நடக்காதோ. ஆனா அதுக்காகச் சபையை ரெண்டாக்கிராத. ஆளுக பேச்சை மறந்துருவாங்க, பிரிஞ்சதை மறக்க மாட்டாங்க."

கெஞ்சினால் நடக்காது என்று எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டால் நடக்கும்.

"மனசாட்சிப்படிதான் சொல்லுதேன் அண்ணாச்சி" என்றேன்.

அவர் கம்பியை விட்டுவிட்டு ஹாலுக்குத் திரும்பிப் போனார்.

நாட்காட்டியின் சனிக்கிழமையை எங்கள் ஞாயிறாக எழுதிக் கையெழுத்துப் போட என்னோடு பதினோரு பேர் வந்தார்கள். என் படகின் ஐவரும், மற்ற வேலைகளிலிருந்து ஆறு பேரும். தவசிமுத்துவின் அண்ணன் ஐசக் வேறொரு படகில் இருந்தான், அவன் வரவில்லை. அண்ணன் தம்பி பேச்சு நின்றது. எங்களைப் பழங்கணக்குக்காரர்கள் என்றார்கள். எதிரே வந்தால், "இன்னைக்கு ஒங்களுக்கு என்ன கெழமை வே?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். ஹாலில் அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற திருவிருந்துக்கு நாங்கள் போகவில்லை. அவர்களும் கூப்பிடவில்லை.

அந்தச் சனிக்கிழமைகளைப் பற்றி எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பெரிதாக எதுவும் நடக்கவில்லை. காலையில் நாங்கள் பன்னிரண்டு பேரும் கயிறு வைக்கிற கொட்டகையில் கூடி ஆராதிப்போம். சாலோமியும் வந்து தவசிமுத்துவுக்குப் பின்னால் உட்காருவாள். கயிற்றின் உப்பு வாசத்தில் பாடுவோம். பிறகு நானும் அவளும் ஊரின் கிழக்கு விளிம்புக்குப் போவோம். அங்கே காற்றுத் தடுப்புக்குப் பின்னால் இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. முந்தின நாள் ஆக்கிய சோறும் புளிக்குழம்பும் கொண்டு வருவாள். சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அவளுடைய இடது காதுக்குக் கீழே ஒரு தழும்பு இருப்பதை அங்கேதான் பார்த்தேன். சின்ன வயதில் வேலியில் கிழித்ததாம். கல்யாணமாகி அத்தனை வருடம் எனக்கு அது தெரியாது. கடற்பறவை அருகில் வந்தால் அவள் பயப்படுவாள் என்பதும் தெரியாது. வெயிலில் அவள் முகம் எப்படி இருக்கும் என்பதைக்கூட நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன். ஒருநாள் அறைக்குப் போய் எனக்குச் சூடாகக் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். "குடிங்க, குளிருதுல்ல" என்றாள். பிறகு எல்லாச் சனிக்கிழமையும் போட்டாள். எனக்காகக் கொஞ்சம் இளகிவிட்டாள் என்று எண்ணிக்கொண்டேன்.

சில நேரம் பேச்சின் நடுவே நிறுத்திவிடுவாள். நெடுநேரம் எதுவும் பேச மாட்டாள். நானும் பேச மாட்டேன். இரண்டு பேர் ஒன்றும் பேசாமல் இருக்க முடிகிறதே, இதைவிட என்ன வேண்டும் என்று அப்போது நினைத்தேன். தண்ணீர் பலகையின் அடியில் மோதிக்கொண்டே இருக்கும். எத்தனையாவது சனிக்கிழமை என்று நான் எண்ணிக்கொண்டு வந்தேன்.

ஒருநாள் படகில் தவசிமுத்து என்னிடம் சொன்னான்: "எங்க அண்ணன் இன்னைக்கு எதுக்க வந்தான் அண்ணே. மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். பரவாயில்ல. நீங்க அன்னைக்குச் சொன்னதை நெனச்சா எதையும் தாங்கிக்கிடலாம்."

நான் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தச் சனிக்கிழமை போய்விடும்.

ஐந்து மாதம் கழித்து நீரோட்டம் திரும்பியது. ஊர் மேற்கே வந்து கோட்டைத் தாண்டியது. புதன்கிழமைக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை என்று பலகையில் எழுதிப் போட்டார்கள். எங்கள் கணக்கும் ஊர்க் கணக்கும் மறுபடி ஒன்றாயின. வெள்ளி எல்லோருக்கும் வெள்ளி. ஞாயிறு எல்லோருக்கும் ஞாயிறு. துரைப்பழம் அண்ணாச்சி என் படகுக்கு வந்து, "ஞாயித்துக்கெழமை எல்லாரும் ஹாலுக்கு வந்துருங்கலே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பாய்களைத் திருப்பிக் கட்டுவதற்காகப் படகுகளை இரண்டு நாள் ஊரிலேயே நிறுத்தியிருந்தார்கள். அதனால் அந்த வெள்ளிக்கிழமை மாலை நான் அறையில் இருந்தேன். சாலோமி மத்தியானமே வேலை முடித்து வந்துவிட்டாள். சமைத்து இறக்கினாள். தரையைத் துடைத்தாள். வெள்ளைச் சேலையை எடுத்து உடுத்தினாள். எல்லாவற்றையும் அவசரமில்லாமல், ஒன்றுவிடாமல் செய்தாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரத்திலிருந்து சனிக்கிழமை எனக்குக் கயிறு. அவள் தனியே கிழக்கு விளிம்பில் உட்கார்ந்திருப்பாள்.

"இனி பழையபடிதான்" என்றேன்.

"ஆமா" என்றாள். அவள் குரலில் வருத்தம் இல்லை. பாரம் இறக்கி வைத்தவள் மூச்சு விடுவதைப் போல இருந்தது. எனக்குச் சுருக்கென்றது.

"ஒனக்கு ஒண்ணுமே தோணலையா?"

அவள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அஞ்சு மாசமா நான் ஓய்வுநாள் ஆசரிக்கல."

"என்ன சொல்லுத? எல்லாச் சனிக்கெழமையும் எங்கூடத்தான இருந்த?"

"அது சனிக்கெழமை இல்ல. அது ஒங்க ஞாயித்துக்கெழமை. ஒங்களுக்காக நான் இருபத்திரெண்டு ஞாயித்துக்கெழமை ஆசரிச்சிருக்கேன்."

நான் விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன்.

"விடாம எண்ணிக்கிட்டு வந்தா என் ஏழாம் நாள் ஊர்க் கணக்குக்கு வெள்ளிக்கெழமையில வந்துச்சு. ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் நான் நாத்தங்கால் தண்ணிக்குள்ள கைய விட்டுக்கிட்டு நின்னேன். ஓய்வுநாள்ல. தெரிஞ்சே நின்னேன்."

"போதகர்தான் அந்தப் பக்கத்துச் சனிக்கெழமையை எடுத்துக்கிடச் சொன்னாரே."

"சொன்னாரு. ஒங்க பேச்சைக் கேக்கிற வரைக்கும் எனக்கு அது போதும்னுதான் இருந்தேன். அன்னைக்கு ஹால்ல எந்திரிச்சு நின்னு சொன்னியளே, மனுசன் போட்ட கோட்டுக்காக ஒரு சூரியனை எண்ணாம விட்டுருவமான்னு. நான் சின்னதுல இருந்து சொல்லிக்கிட்டு வந்ததுதான். ஆனா அது எவ்வளவு பெரிய சத்தியம்னு நீங்க சொல்லிக் கேட்டப்பதான் எனக்கே தெரிஞ்சுது. அதுக்கப்புறம் என்னால அதை இல்லேன்னு நெனைக்க முடியல."

"பின்ன வெள்ளிக்கெழமைன்னு எழுதிக் குடுத்திருக்க வேண்டியதுதான?" என்றேன்.

"குடுத்தா ஒங்க நாளு எனக்கு வேலைநாளு. திரும்பவும் பழைய கதைதான. நீங்க நம்பினதுக்காக எல்லார் வாயிலயும் விழுந்துக்கிட்டிருந்திய. அந்த நம்பிக்கையே ஒங்களை எம்பக்கத்துல கொண்டாந்து உக்கார வச்சுது. எந்திரிச்சுப் போக எனக்கு மனசு வரல. ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் போயிருவோம்னு நெனைப்பேன். நீங்க சோத்துப் பாத்திரத்தைத் தூக்கிக்கிட்டு முன்னால நடப்பிய. நானும் பின்னால வந்துருவேன்."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

என் வாயில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. நான் நம்பவில்லை. அன்றைக்கும் நம்பவில்லை, இன்றைக்கும் நம்பவில்லை; உன் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் சொன்னேன். அதைச் சொன்னால் அவளுடைய ஐந்து மாதத்துப் பாரம் ஒன்றுமில்லாததற்காகச் சுமந்ததாகிவிடும். தனக்காக யாரும் ஆண்டவர் முன்னால் வேஷம் போடக்கூடாது என்று சொன்னவளுக்காகவே போட்டிருக்கிறேன் என்பதும் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால், என் பேச்சினால் மட்டும் பாவமாகத் தோன்றுகிற ஒன்றுக்காக அவள் காலமெல்லாம் அழுதுகொண்டிருப்பாள். இரண்டில் எது அவளுக்குக் குறைவாக வலிக்கும் என்று யோசித்தேன். யோசித்தபோது எனக்கு எது குறைவாக வலிக்கும் என்பதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே சூரியன் தண்ணீரைத் தொடப் போயிற்று. அவள் ஜன்னலைப் பார்த்தாள். முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு தரையில் முழங்கால் படியிட்டாள்.

"எனக்காக நீங்க ஒரு ஜெபம் பண்ணுங்க" என்றாள்.

"நானா?"

"என்னால கேக்க முடியல. அஞ்சு மாசமாக் கேட்டுப் பாத்துட்டேன், வார்த்தை வரல. நீங்க கேளுங்க. நம்புனதை விடாமப் பிடிச்சுக்கிட்டு நின்னவிய நீங்க. ஒங்களுக்கு வரும். இந்த நாள் தொடங்குறதுக்கு முன்னால கேட்டுருங்க."

நானும் அவள் பக்கத்தில் முழங்கால் படியிட்டேன். கண்ணை மூடினேன். வாயைத் திறந்தேன். ஆண்டவரே என்று சொல்லக்கூட நாக்கு எழவில்லை. அவள் மூச்சு விடுவது கேட்டது. ஊருக்கு அடியில் பாய்கள் இழுபடும் சத்தம் கேட்டது. அறைக்குள் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது.

சூரியன் விழுந்திருக்க வேண்டும். சாலோமி என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமென்" என்றாள்.